ஒரே மூட்டை, இரண்டு மண்

பண்டாரவளைக்குப் பக்கத்தில் எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. முன்பு தேயிலை நின்ற இடம். மாமா அதில் சோளன் போட்டிருந்தார். நாலு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் செடி முழங்கால் உயரம்கூட வரவில்லை. அடி இலைகளின் ஓரமெல்லாம் கத்தரிப்பூ நிறம். வேலிக்கு அந்தப் பக்கம், அதே செம்மண்ணில், தேயிலை கருகருவென்று கொழுந்து விட்டு நின்றது. கீழே வெல்லவாயவில் சித்தப்பா அதே வாரத்தில் விதைத்த சோளனோ இடுப்பைத் தொட்டுவிட்டது. "அதே கடையில வாங்கின அதே பசளைதானே, அவருக்கு மட்டும் எப்படி விளையுது?" என்று மாமா கேட்டார்.

மலைக் குளிரில் சோளன் மெதுவாகத்தான் வளரும், இலையும் கொஞ்சம் சிவக்கும். ஆனால் அந்தக் கத்தரிப்பூ நிறத்துக்குக் குளிர் மட்டும் காரணமில்லை. அது பயிருக்குப் பொசுபரசு கிடைக்கவில்லை என்பதன் அடையாளம். மாமா பொசுபரசு போடாதவர் அல்ல. பொசுபரசு தரும் குருணைப் பசளையான டிஎஸ்பியை நிலம் முழுக்கத் தாராளமாகத் தூவியிருந்தார். போட்ட சத்து செடிக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் பாதை முப்பது கிலோமீற்றருக்கும் குறைவு. அதற்குள் கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலிருந்து இருநூறு மீற்றருக்குக் கீழே வந்துவிடுகிறோம். பஸ் ஜன்னலில் பார்த்தால் இரண்டு இடத்திலும் மண் சிவப்புத்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு மண். மேலே இருப்பது செம்மஞ்சள் பொட்சோலிக் மண். காலங்காலமாகப் பெய்த மழை அதிலிருந்த கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. எஞ்சியது இரும்பும் அலுமினியமும். அதனால் மண் புளித்துக் கிடக்கிறது. புளிப்பை, அதாவது அமிலத்தன்மையை, காட்டுவது பிஎச் அளவு; 7க்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு கூடும். தேயிலைக் காணிகளில் அது பெரும்பாலும் 4.5க்கும் 5.5க்கும் இடையில்தான். கீழே வெல்லவாயப் பக்கம் உலர் வலயத்தின் செங்கபில மண். மழை குறைவு, கழுவல் குறைவு, பிஎச் 6க்கும் 7க்கும் நடுவில்.

புளித்த மண்ணில் இரண்டு சங்கடங்கள் நடக்கின்றன. பிஎச் ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கும்போது, அதுவரை கல்லாகக் கிடந்த அலுமினியம் கரைந்து மண்நீரில் கலக்கிறது. சோளனின் வேர் நுனிக்கு அது விஷம். ஒரு செடியைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தோம். வேர்கள் குட்டையாக, தடித்து, நுனி மொட்டையாக இருந்தன. பஞ்சு மாதிரிப் பரவ வேண்டிய சல்லிவேரையே காணோம். அப்படிப்பட்ட வேரால் தண்ணீரையும் எட்டிப் பிடிக்க முடியாது. மானாவாரிப் பயிருக்கு அது இரட்டை அடி: பத்து நாள் மழை பிந்தினால், ஆழத்தில் ஈரம் இருந்தும் செடி வாடும். தேயிலை மட்டும் ஏன் செழிக்கிறது என்றால், அது அலுமினியத்தோடு வாழப் பழகிய செடி. உறிஞ்சி, முற்றிய இலைகளில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் தேயிலை நன்றாக நின்ற மண்தானே என்று நம்பிச் சோளன் போடக் கூடாது. போதாததற்கு, வருடக்கணக்கில் தேயிலைக்குப் போட்ட அமோனியம் சல்பேற்றும் யூரியாவும் அந்த மண்ணை இன்னும் புளிக்க வைத்திருக்கின்றன.

இரண்டாவது சங்கடம் பொசுபரசு. கரைந்த பொசுபரசைக் கண்டதும் இரும்பும் அலுமினியமும் பாய்ந்து பிடித்துக்கொள்கின்றன. பிறகு எளிதில் விடுவதில்லை. நிலம் முழுக்கத் தூவினால் ஒவ்வொரு குருணையைச் சுற்றியும் புளித்த மண் சூழ்ந்துகொள்ளும். விதைக்குப் பக்கத்தில், விதையைத் தொடாமல், குழியிலோ சாலிலோ சேர்த்துப் போட்டால் பிடிபடாமல் மிஞ்சுவது அதிகம். இளவேரும் அதைச் சீக்கிரம் எட்டிவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் எப்பாவல பொசுபேற்று. அநுராதபுர மாவட்டத்தில் 1971இல் கண்டுபிடிக்கப்பட்ட பாறைப் படிவு அது. தண்ணீரில் லேசில் கரையாது. அதைக் கரைப்பது மண்ணின் புளிப்புத்தான். டிஎஸ்பியை முடக்குகிற அதே மலைமண், இந்தப் பாறைத்தூளை மெல்ல மெல்லத் திறந்துவிடுகிறது. வருடக்கணக்கில் நிற்கும் தேயிலைக்கு அது போதும். மூன்று நான்கு மாதத்தில் அறுவடையாகும் சோளனுக்கு அந்த வேகம் காணாது. கீழே வெல்லவாயவில் புளிப்பு மிகக் குறைவு, அங்கே அந்தத் தூள் அந்தப் போகத்துக்குக் கிட்டத்தட்ட வெறும் மண்தான். அங்கே டிஎஸ்பிதான் சரி.

அப்புறம் மண்ணின் பிடிமானம். களித்துணிக்கைகளின் மேல் எதிர்மின் இருக்கிறது. அமோனியம், பொற்றாசியம், கல்சியம் எல்லாம் நேர்மின் உள்ளவை; அதில் ஒட்டிக்கொள்ளும். லயத்துச் சுவரில் சட்டை மாட்டும் ஆணிகளை நினைத்துக்கொள்ளுங்கள். மலையின் பழைய செம்மண்ணில் களி நிறைய உண்டு, ஆனால் அது கயோலினைற்று வகைக் களி. சுவர் பெரிது, ஆணிகள் கொஞ்சம். ஒரே தடவையில் மூட்டை மூட்டையாய்ப் போட்டால் மாட்ட இடமில்லாமல் மிச்சமெல்லாம் மழையோடு இறங்கிப் போகும். மேல்மண்ணில் இருக்கிற மக்கிய இலைதழைதான் அங்கே கூடுதல் ஆணி. கூட்டெருவும் மாட்டெருவும் மலைமண்ணுக்கு அவசியம் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான். அவை தரும் நைதரசனைவிட அவை தரும் பிடிமானம் பெரிது.

யூரியாவின் கதை தனி. அதில் 46 வீதம் நைதரசன். ஐம்பது கிலோ மூட்டையில் 23 கிலோ. மண்ணில் விழுந்ததும் அது அமோனியமாக மாறும், பிறகு நுண்ணுயிர்கள் அதை நைத்திரேற்றாக்கும். நைத்திரேற்று எதிர்மின் உள்ளது, எந்த ஆணியிலும் நிற்காது. ஐப்பசி மழை ஊவா மலையில் கொட்டும்போது போட்டால் அது ஓடையோடு போகும். கீழ்நாட்டில் ஆபத்து வேறு விதம். ஈரம் குறைந்த மண்ணின் மேல் தூவிவிட்டு மழை வராமல் போனால் அமோனியா வாயுவாகக் காற்றில் கலந்துவிடும். பிஎச் கூடக்கூட அந்த இழப்பும் கூடும். சித்தப்பா செய்வது இதுதான்: விதைக்கும்போது கொஞ்சம், மிச்சத்தை நாலாம் வாரத்துக்குப் பிறகு மழை பெய்து மண் நனைந்த மறுநாள், செடிக்கு ஓரமாகக் கீறிப் போட்டு மூடுவது. முழங்கால் உயரத்திலிருந்து பூக்கும் வரைதான் சோளனுக்குப் பசி அதிகம். மழை ஏமாற்றினால் இரண்டாவது மூட்டை வீட்டிலேயே மிஞ்சும். அவர் மண் காய்ந்தால் கல், நனைந்தால் பசை. மம்பட்டி இறங்கும் நாட்களே கொஞ்சம் என்பதால் மழைக்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்து வைத்திருப்பார்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தார்கள். அந்த வருடம் நவம்பரிலேயே தடையை எடுத்தாலும், அதற்குப் பிறகு மூட்டை விலை ஏறிய ஏற்றம் நமக்குத் தெரியும். வீணாக்கும் வசதி இப்போது யாருக்கும் இல்லை. மண்ணைப் பரிசோதித்துவிட்டு வாங்குவதுதான் மலிவு. நிலத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைப் பையில் போட்டுக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். எங்கே கொடுப்பது என்று விவசாயப் போதனாசிரியர் சொல்வார். எருக்குவியல் கிடந்த இடத்தில் எடுக்க வேண்டாம். சரிவு நிலமானால் மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் ஒன்றாகக் கலக்கவும் வேண்டாம். மேட்டில் மேல்மண் அரித்துப் போயிருக்கும், பள்ளத்தில் அது வந்து படிந்திருக்கும்.

மாமாவின் மண்ணுக்குப் பிஎச் 4.7 என்று வந்தது. அடுத்த பெரும்போகத்துக்கு ஆறு வாரம் முன்பே, புளிப்பை முறிக்கும் சுண்ணாம்பு வகைக் கல்தூளான டொலமைற் போட்டுக் கிளறிவிட்டார். டொலமைற்றையும் யூரியாவையும் ஒரே நாளில் கலந்து போட்டால் நைதரசன் வாயுவாகிப் போகும், அந்த இடைவெளிக்கு அதுவும் ஒரு காரணம். டிஎஸ்பியைக் குழியில் மட்டும் போட்டார். போன தடவையைவிடப் பாதிதான் செலவானது. வேலியோரத்தில் டொலமைற் படாத ஒரு வரிசையைச் சும்மா விட்டுப் பார்த்தார். ஐந்தாம் வாரம் அந்த ஒரு வரிசை மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் நின்றது.