பேருக்கு மட்டும் பணிப்பாளரா?

பணிப்பாளர் ஒருவர் தன் மகனுடைய வான் வண்டியைக் கம்பனிக்கு வாடகைக்கு எடுப்பது குற்றமில்லை. பணிப்பாளர் சபைக்குச் சொல்லாமல் எடுப்பதுதான் பிழை.

திருகோணமலையில் நான் கணக்காய்வுக்குப் போகும் கம்பனிகள் அநேகமாகக் குடும்பத்துக்குள் நடப்பவை. அண்ணன் இங்கே நடத்துவார். கனடாவில் இருக்கிற தம்பி காசு போட்டு, பணிப்பாளராகவும் இருப்பார். நிலாவெளிப் பக்க ஹோட்டல் ஒன்றின் வவுச்சர்களைப் புரட்டினால், மாதாமாதம் ஒரே வானுக்கு வாடகை, அதுவும் ஊர் விலையைவிடக் கூட. பதிவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் உரிமையாளர் அண்ணனின் மகன். பணிப்பாளர் சபைக் கூட்டங்களில் பேசியதைப் பதியும் கூட்டறிக்கைகளில் இதுபற்றி ஒரு வரிகூட இல்லை.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் 192ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. ஒரு கொடுக்கல் வாங்கலில் தனக்கு ஆதாயம் உண்டென்று தெரிந்ததும் பணிப்பாளர் அதைச் சபைக்கு வெளிப்படுத்த வேண்டும்; தொகை தெரிந்தால் தொகையையும் சொல்ல வேண்டும். கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர் பெறும் ஆதாயமும் இதில் அடங்கும். சொல்லியிருந்தால் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி கேட்டிருப்பார், வாடகையும் குறைந்திருக்கும்.

கணக்காய்வு வருகிறதென்றதும் வருஷத்துக்குரிய கூட்டறிக்கைகளை ஒரே இருப்பில் எழுதி, வேறு வேறு திகதி போட்டுக் கொண்டுவருவார்கள். எல்லாப் பக்கத்திலும் ஒரே பேனை. நடக்காத கூட்டத்துக்கு அறிக்கை எழுதுவது பொய்ப் பத்திரம் தயாரிப்பதுதான். நான் அதை ஏற்பதில்லை, எந்தக் கணக்காய்வாளரும் ஏற்கக்கூடாது.

இதைவிட மனம் பொறுக்காத விஷயம் ஊழியர் சேமலாப நிதி. அறை துப்புரவு செய்யும் பிள்ளையின் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுகிறார்கள். கம்பனி தன் 12 வீதத்தையும் சேர்த்து அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். மாரி தொடங்கி உல்லாசப் பயணிகள் குறைந்ததும் அந்தக் காசு கரண்ட் பில்லுக்குப் போய்விடும். சம்பளத் துண்டில் வெட்டு இருக்கும், நிதியில் வரவு இருக்காது. வெட்டிய காசு அந்தப் பிள்ளையுடையது. அதில் கைவைக்க யாருக்கும் உரிமையில்லை.

பணிப்பாளராகப் பெயர் கொடுத்த மனைவிமாரிடம் இதைக் கேட்டால், "இவர்தான் எல்லாம் பார்க்கிறவர், நான் சைன் மட்டும்தான்" என்கிறார்கள். சட்டத்தில் அப்படியொரு வகை இல்லை. கம்பனியின் நலனுக்காக நல்லெண்ணத்தோடு நடக்கும் கடமை எல்லாப் பணிப்பாளருக்கும் ஒன்றுதான். அக்கா, அடுத்த முறை கணக்கறிக்கை ஒப்பத்துக்கு வரும்போது வங்கிக் கூற்றையும் சேமலாப நிதி கட்டிய பற்றுச்சீட்டுகளையும் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் ஒப்பமிடாதீர்கள். ஏன் ஒப்பமிடவில்லை என்பதையும் கூட்டறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.