லோனார் கண்ணாடியில் கலக்காமல் நின்ற கோடுகள்

மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்திலுள்ள லோனார் ஏரி, ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு விண்கல் மோதல் பள்ளத்தில் தேங்கிய நீர். மோதிய கல்லில் ஒரு துண்டுகூட அங்கே கிடைத்ததில்லை. ஆனால் அந்தக் கணத்தில் உருகித் தெறித்து உறைந்த கரிய கண்ணாடித் துண்டுகளும், ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய உருண்டைகளும் பள்ளத்தைச் சுற்றி உண்டு. வந்த கல்லின் தடயத்தை அவற்றின் வேதியியலில்தான் தேட வேண்டியிருக்கிறது.

துண்டை மெல்லியதாக அறுத்து, முகம் பார்க்கும் ஆடிபோலப் பளபளக்கத் தேய்த்து, கரிப்பூச்சு பூசி எலக்ட்ரான் மைக்ரோபுரோப் கருவியில் வைக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டருக்குக் குவிக்கப்பட்ட எலக்ட்ரான் கற்றை படும் இடத்தில் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலுள்ள எக்ஸ் கதிரை வெளியிடும். புள்ளி புள்ளியாக நகர்ந்து அதன் வலிமையைப் பதிந்தால், கால்சியத்துக்கு ஒன்று, மக்னீசியத்துக்கு ஒன்று என்று தனித்தனி வரைபடங்கள் உருவாகும். வெறுங்கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரிந்த கண்ணாடியில் இப்போது வளைந்து நெளியும் கோடுகள் புலப்படும். அலுமினியமும் கால்சியமும் மிகுந்த கோடு, உள்ளூர்ப் பாறையின் கனிமங்களில் ஒன்றான பிளாஜியோகிளேஸ் படிகம் உருகிய இடம். மக்னீசியமும் இரும்பும் மிகுந்தது, அதன் இன்னொரு கனிமமான பைராக்சீன் உருகிய இடம். உருகிய பாறை பாகுபோல் கெட்டியானது. அதற்குள் அணுக்கள் பரவிக் கலக்குமுன்பே துளி உறைந்துவிட்டது. முழுத் துண்டையும் பொடித்துச் சராசரி எடுத்தால் இந்தக் கோடுகள் அனைத்தும் அழிந்து, உள்ளூர்ப் பாறையின் கணக்கே பெரும்பாலும் திரும்பி வரும்.

அந்த உள்ளூர்ப் பாறை, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய தக்காண பசால்ட், அதாவது எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. இங்கே உருகியது பெரும்பாலும் இந்த ஒரே வகைப் பாறை என்பதால், பல வகைப் பாறைகள் ஒன்றாய் உருகிய பள்ளங்களைவிட அயல் பொருளைப் பிரித்தறிவது எளிது. சிறு உருண்டைகளில் நிக்கல், குரோமியம், கோபால்ட் ஆகியவை பசால்ட்டில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காணப்பட்டன. ஆனால் பசால்ட்டிலும் நிக்கல் உண்டு என்பதால், அளவு மட்டும் சான்றாகாது. நிக்கலுக்கும் குரோமியத்துக்கும் இடையிலான விகிதம் விண்கல்லின் பக்கம் சாய்கிறதா என்பதே சரியான கேள்வி. இரிடியம் என்ற அரிய உலோகம் இன்னும் தெளிவான சாட்சி, ஏனெனில் பல விண்கற்களில் அது பூமியின் மேலோட்டைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் செறிந்திருக்கிறது. ஆயினும் நூறு கோடியில் சில பங்கு என்ற அளவை மைக்ரோபுரோப்பால் காண முடியாது. அதற்கு, அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறைநிறமாலைமானி வேண்டும்.

வரைபடத்தைப் படிப்பவரை ஏமாற்றக்கூடியது துண்டின் ஓரம். அங்கே சோடியமும் பொட்டாசியமும் திடீரென மாறுபட்டால், அது பெரும்பாலும் பல்லாயிரம் ஆண்டுகளாக நீர் கண்ணாடியை அரித்துக் களிமண்ணாக்கிய வேலை. மோதலின் அளவீடுகளை நீர் புகாத உட்பகுதியிலிருந்தே எடுக்கிறார்கள்.