மீட்டருக்குத் தெரியாத தேவை

'இம்மாத உச்ச மின்தேவை 20 கிலோவாட்.' மின்பில்லில் வரும் 'டிமாண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் 'தேவை' என்று ஆக்கிய இப்படி ஒரு மொழிபெயர்ப்பை மறுபடியும் படித்துவிட்டு, பொறுக்காமல் எழுதுகிறேன்.

டிமாண்ட் என்ற சொல்லுக்கு மூலமான லத்தீன் வினைக்கு 'ஒப்படைத்தல்' என்று பொருள். பிரெஞ்சில் அது 'கேட்டல்' ஆயிற்று, ஆங்கிலத்தில் அதட்டிக் கேட்பதாகவும் மாறியது. சரி, பிறந்த கதை போதும்.

மீட்டர் கணக்கு வைப்பது யூனிட்டை, அதாவது ஆற்றலை; ஒரு கிலோவாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நேரத்தைக் கால் மணி அல்லது அரை மணித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஓடிய யூனிட்டை அந்த நேரத்தால் வகுக்கிறது. 60 கிலோவாட் மோட்டார் ஒன்று ஐந்து நிமிடம் ஓடினால் 5 யூனிட். அந்தக் கால் மணிக்குள் வேறெதுவும் ஓடாவிட்டால், 5-ஐக் கால் மணியால் வகுக்க 20 கிலோவாட். அதுதான் டிமாண்ட். இப்படி வரும் எண்களில் மாதத்திலேயே பெரியது பில்லில் ஏறும். மோட்டார் கேட்டதோ 60. பிறகு 20 எப்படித் 'தேவை' ஆகும்?

இன்னொன்று. கரண்ட் போன நேரத்தில்தான் தேவை உச்சத்தில் இருக்கும்; மீட்டரிலோ டிமாண்ட் பூஜ்யம். தேவை நம் மனதில் இருப்பது, அதை மீட்டரால் அளக்க முடியாது. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டினால் இந்தக் கதிதான். நாளைய மின்தேவை இவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டிக் கணிப்பவர்கள் தாராளமாகத் தேவை என்று சொல்லட்டும், பில்லில் வேண்டாம்.

'கேட்பு' என்போரும் உண்டு. வரிக்கணக்கில் கேட்பு என்றால் கட்டச் சொல்லும் தொகை. மின்பில்லில் 'கேட்புக் கட்டணம்' என்று போட்டால், கேட்டதற்கே காசா என்று படிப்பவர் குழம்புவார்.

எலக்ட்ரீசியன்கள் வாயில் சொல் தயாராக இருக்கிறது: 'இந்த மோட்டார் ரொம்ப இழுக்குது.' அப்புறம் என்ன, மின் இழுப்பு, உச்ச இழுப்பு! மூச்சிரைப்பு ஞாபகம் வருகிறதே என்பார்கள். வரட்டும், முன்னால் 'மின்' இருக்கிறதே. கால் மணிச் சராசரி என்பதை எந்தச் சொல்லும் தானாகச் சொல்லிவிடாது, அதை ஒருமுறை விளக்கத்தான் வேண்டும்.

அதே மொழிபெயர்ப்பில் அடுத்த வரி, 'மணிக்கு 20 கிலோவாட்.' கிலோவாட்டே ஆற்றல் ஓடும் வேகம்தான் ஐயா, அதற்கு எதற்கு இன்னொரு மணி?