ஐந்து பேர் அணியில் மூவர் வாய் திறக்கவில்லை

நேற்று முன்தினம் இணைய விளையாட்டு ஒன்றின் ஆட்டப் பதிவை, அதாவது ஆட்டத்தின்போது ஆட்டக்காரர்கள் எழுதிக்கொண்டதைப் படித்தேன். ஆட்டம் 23 நிமிடம் ஓடியது. ஐந்து பேர் கொண்ட அணி. அதில் ஒருவருக்கு அது நான்காவது ஆட்டம். 2ஆவது நிமிடத்தில் அணித்தோழர் ஒருவர் “புதிதா?” என்று கேட்கிறார். பதில் வருவதற்குள் “வரைபடத்தைப் பார்” என்கிறார். 6ஆவது நிமிடத்தில் “உன்னால்தான் தோற்கிறோம்.” புதியவர் “மன்னிக்கவும், இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன்” என்று எழுதுகிறார். அந்த ஆட்டத்தில் அவர் எழுதிய ஒரே வரி அதுதான். 11ஆவது நிமிடத்துக்கு மேல் வந்தவற்றை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. “விளையாட்டை அழித்துவிட்டுப் போ” என்று முடிகிறது. அன்றிரவே அந்தப் புதியவர் கணக்கை அழித்துவிட்டார். அவருடைய வயதோ, ஆணா பெண்ணா என்பதோ எனக்குத் தெரியாது. என்னிடம் இருப்பது ஒரு கணக்கு எண் மட்டும்.

அணியில் மற்ற மூவரும் 23 நிமிடமும் ஒரு சொல் எழுதவில்லை.

இணைய விளையாட்டுகளின் புகார்ப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இப்படிப்பட்ட பதிவுகள் எனக்குப் புதிதல்ல. திட்டியவரின் கணக்கைத் திறந்து பார்த்த பிறகுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. ஆறு ஆண்டுப் பழைய கணக்கு. ஒரே ஒரு எச்சரிக்கைகூட இல்லை. சக ஆட்டக்காரர்கள் ‘நல்ல அணித்தோழர்’ என்று பலமுறை பாராட்டியிருக்கிறார்கள். அன்று மாலை அவர் வரிசையாக ஐந்து ஆட்டங்களில் தோற்றிருந்தார். ஆறாவதில்தான் இந்தப் புதியவர் அவர் அணியில் வந்து சேர்ந்தார்.

எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் என்னிடம் ஒரே யோசனையைத்தான் சொல்கிறார்கள்: “கெட்ட ஆட்டக்காரர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களைத் தூக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.” விளையாட்டை உருவாக்குபவர்களும் இதையே சொல்கிறார்கள், ஆடுபவர்களும் இதையே சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அப்படி ஒரு தனிக் கூட்டம் இருந்தால் என் வேலை பத்து நாளில் முடிந்திருக்கும். ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ விளையாட்டை நடத்தும் ரயட் கேம்ஸ் நிறுவனம் இதை அளந்தே பார்த்தது. அங்கே பணியாற்றிய ஜெஃப்ரி லின் 2013இல் விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில் அந்த முடிவுகளைச் சொன்னார். வாடிக்கையாக வம்பு செய்பவர்களிடமிருந்து வந்தது மொத்த வசைகளில் ஒரு சிறு பகுதிதான். பெரும்பகுதி, மற்ற நாட்களில் ஒழுங்காக ஆடுபவர்களிடமிருந்து வந்தது. என் மேசைக்கு வரும் புகார்களும் அதையேதான் சொல்கின்றன. வேலையில் திட்டு வாங்கியவர், தூக்கம் கெட்டவர், தொடர்ந்து தோற்றவர். ஒருவரிடம் வசை வாங்கியவர் அடுத்த ஆட்டத்தில் இன்னொருவர் மேல் அதைக் கொட்டுகிறார். இரண்டு ஆட்டம் தள்ளி அவர் பெயரும் புகாரில் வருகிறது. இவர்களையெல்லாம் தூக்கினால் ஆடுவதற்கு யார் மிஞ்சுவார்கள்?

இதைச் சொன்னவுடன், “அப்படியானால் தண்டனையே வேண்டாம் என்கிறீர்களா?” என்று கேட்பார்கள். இல்லை. கொலை மிரட்டல், ஒருவரின் வீட்டு முகவரியை வெளியிடுவது, சிறுவர்களைத் தனியே பேச அழைப்பது போன்றவற்றுக்கு இரண்டாவது வாய்ப்பே கிடையாது. கண்ட நிமிடமே கணக்கை மூடுகிறோம். தேவைப்பட்டால் காவல்துறைக்கும் போகிறது. நான் பேசுவது மற்ற பெரும்பான்மையைப் பற்றி.

விளையாட்டை உருவாக்கும் நண்பர்களே, முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியீட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்களைக் கூப்பிடாதீர்கள். துப்பாக்கிச் சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆறு மாதம் உட்கார்ந்து பேசுகிறீர்கள். தோற்றுப்போன ஐந்து பேர் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று ஒரு பிற்பகலாவது உட்கார்ந்து யோசித்ததுண்டா?

‘ஜர்னி’ என்று 2012இல் ஒரு விளையாட்டு வந்தது. முன்பின் தெரியாத இருவர் பாலைவனத்தில் சந்தித்துச் சேர்ந்து நடப்பார்கள். பேச முடியாது, எழுத முடியாது, ஒரு சிறிய ஓசை எழுப்பலாம், அவ்வளவுதான். ஆரம்ப மாதிரியில் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ள முடிந்தது. விளைவு, சோதித்துப் பார்த்தவர்கள் மற்றவரைப் பள்ளத்தில் தள்ளி விளையாடினார்கள். அவர்கள் கெட்டவர்களா என்ன? தள்ளினால் ஏதோ நடக்கிறது, அதனால் தள்ளினார்கள். உருவாக்கியவர்கள் யாரையும் தடை செய்யவில்லை. இடிக்கும் வசதியை எடுத்துவிட்டு, அருகே வந்து தொட்டால் இருவருக்கும் பறக்கும் ஆற்றல் கிடைக்கும்படி மாற்றினார்கள். அதன் பிறகு ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் தேடிப் போனார்கள். ‘அபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ 2019இல் வந்தபோது, ஒரு பொத்தானை அழுத்தி “இங்கே எதிரி”, “இங்கே போகலாம்” என்று குறி காட்டும் வசதியை அருமையாக அமைத்திருந்தார்கள். மைக்கைத் திறந்தாலே குரலை வைத்துக் கேலி வரும் என்று அஞ்சும் பெண்களும் சிறுவர்களும் ஒரு சொல் பேசாமல் அணியோடு இணைந்து ஆட முடிந்தது.

எதிரணியோடு சாட் செய்யும் வசதியை முதலிலேயே திறந்து வைக்காதீர்கள். வேண்டுபவர் தானே திறந்துகொள்ளட்டும். ரயட் இதைச் செய்து பார்த்தபோது ஒரே வாரத்தில் வசைப் பேச்சு 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. நல்ல பேச்சு ஏறக்குறைய 35 சதவீதம் கூடியது. “பேச்சே நின்றுவிடும், ஆட்டம் செத்துவிடும்” என்று பயமுறுத்துபவர்கள் கவனிக்க: பேச்சின் மொத்த அளவு குறையவில்லை.

தண்டிக்கும்போது காரணம் சொல்லுங்கள். “விதிமீறல் காரணமாக உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது” என்ற வெற்று வரியைப் படிப்பவருக்கு நம் மேல் கோபம்தான் வரும். அவர் எழுதியதை அப்படியே எடுத்து அவருக்கே காட்ட வேண்டும், அதுவும் அன்றே. மூன்று வாரம் கழித்துப் போகும் தண்டனை எதற்கு என்று வாங்குபவருக்கே மறந்துபோயிருக்கும். நான் மேலே சொன்ன ஆறு ஆண்டுக் கணக்குக்காரருக்கு அவருடைய 14 வரிகளையும் நேரத்தோடு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: “இதை நானா எழுதினேன்?” சற்றுக் கழித்து இன்னொன்று: “அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சேர்ப்பித்துவிட முடியுமா?” எங்கே சேர்ப்பிப்பது? அந்தக் கணக்குதான் இல்லையே.

புகார் கொடுத்தவருக்கும் ஒரு வரி பதில் போக வேண்டும். “நடவடிக்கை எடுத்துவிட்டோம், நன்றி” போதும். பதிலே வராத இடத்தில் நாளடைவில் யாரும் புகார் கொடுப்பதில்லை. புகார் குறைந்ததைப் பார்த்து நிர்வாகம் மகிழ்ச்சி அடையும். அந்த மகிழ்ச்சியை நான் இரண்டு நிறுவனங்களில் பார்த்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் புதியவர்கள் வரத்து வற்றிப்போயிருந்தது.

கூடவே ஒரு வேண்டுகோள். நாள் முழுவதும் இந்த வசைகளைப் படிக்கும் மாடரேட்டர்கள் மனிதர்கள். என்னோடு சேர்ந்த ஆறு பேரில் நால்வர் ஓராண்டில் விலகினார்கள். பணிச்சுற்று, ஓய்வு, பேசுவதற்கு ஓர் ஆலோசகர், இவையெல்லாம் சலுகைகள் என்று நினைக்காதீர்கள்.

இனி ஆடுபவர்களுக்கு. உங்களைத் திட்டுகிறாரா? முதல் வரியிலேயே மியூட் செய்யுங்கள். பத்தாவது வரி வரை பொறுத்திருந்து யாருக்கு நிரூபிக்கப்போகிறீர்கள்? பதிலுக்குத் திட்டாதீர்கள்; பதிவைப் படிக்கும் எனக்கு உங்கள் இருவர் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும். ஆட்டம் முடிந்ததும் புகார் கொடுங்கள். நடந்ததை ஒரு வரியில் எழுதுங்கள். மோசமாக ஆடினார் என்பதற்காகப் புகார் கொடுக்காதீர்கள், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒருவர் மேல் கூட்டமாகவும் கொடுக்காதீர்கள். பொய்ப் புகார்கள் குவியும்போது உண்மையாகப் பாதிக்கப்பட்டவரின் புகார் அடியில் போய்விடுகிறது. தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றால் எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். நான் படிக்கும் வசைகளில் எத்தனையோ அந்த நான்காவது ஆட்டத்தில் எழுதப்பட்டவை.

கில்டு, அதாவது சேர்ந்து ஆடும் நிலையான குழு நடத்தும் தலைவர்களே, உங்கள் அணியின் சிறந்த ஆட்டக்காரர் ஒரு புதியவரை அவமானப்படுத்தினால் அன்றே அவரிடம் பேசுங்கள். அவர் நன்றாக ஆடுகிறார் என்று நீங்கள் பேசாமல் விட்டால், உங்கள் குழுவில் எது செல்லும் என்பது அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுகிறது.

அந்த மூவருக்கும் எப்படியாவது ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன். அவர்கள் மேல் புகார் இல்லை, எந்த விதியையும் மீறவில்லை, அவர்களுக்கு நான் கடிதம் அனுப்ப வழியில்லை. ஆனால் 6ஆவது நிமிடத்தில் யாராவது ஒருவர் “விடுங்கள், அவர் புதியவர்” என்று எழுதியிருந்தால் போதும். சண்டை போட வேண்டாம், நியாயம் பேச வேண்டாம். அப்படி ஒரு வரி விழுந்ததும் திட்டிக்கொண்டிருந்தவர் பேச்சை மாற்றிவிட்ட பதிவுகளை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். சில சமயம் அவர் நிறுத்தாமலும் போகலாம். அப்போதும், தன் பக்கம் ஒருவர் இருக்கிறார் என்பது புதியவருக்குத் தெரிந்திருக்கும்.

இன்றிரவு ஆடப்போகிறீர்கள் என்றால், அணியில் யாராவது எங்கே போவது என்று தெரியாமல் தொடக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தால், வரைபடத்தில் ஒரு குறி வைத்து “இங்கே வாருங்கள்” என்று அழையுங்கள். இரண்டு விநாடி வேலை.