வண்டியோடு சேர்ந்து கைமாற வேண்டியவை

சென்ற ஆண்டு ஒரு தந்தையும் மகனும் 250 சிசி ஜாவா மோட்டார்சைக்கிள் ஒன்றை வேனில் ஏற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார்கள். டாங்கின் இரு பக்கமும் குரோம் பளபளத்தது. ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர், உதைத்துக் கிளப்பிய பிறகு மடக்கினால் கியர் மாற்றும் தண்டாக மாறிவிடும் அதே கிக்கர். அப்பா இளவயதில் ஓட்டிய வண்டி அது. மகன் எட்டு மாதம் அப்பாவுக்குத் தெரியாமல் உழைத்து அதைப் புதுப்பித்து, அவர் பணி ஓய்வு பெற்ற அன்று மாலை சாவியை அவர் கையில் கொடுத்திருக்கிறார்.

இரண்டாவது உதையிலேயே இன்ஜின் கிளம்பியதாம். நான்கு கிலோமீட்டர் ஓடியது. பிறகு பின்சக்கரம் திடீரென்று இறுகி, வண்டி வாலை ஆட்டியபடி இழுத்துக்கொண்டு நின்றது. அப்பாவின் இடது கை யோசிக்காமலே கிளட்சைப் பிடித்திருந்ததால் விழாமல் தப்பினார்.

சிலிண்டரைக் கழற்றினேன். பிஸ்டனின் பக்கவாட்டில் சுற்றிலும் அலுமினியம் உருகி இழுபட்டு, நகத்தால் தொட்டால் தட்டுப்படும் அளவுக்கு வரிவரியாகக் கீறல்கள். ரிங்குகள் தம் பள்ளத்திலேயே ஒட்டிக்கிடந்தன. டாங்க் மூடியைத் திறந்து முகர்ந்தேன். வெறும் பெட்ரோல் வாசனை.

"ஆயில் கலக்கவில்லையா?" என்றேன்.

"கலக்க வேண்டுமா?" என்று மகன் கேட்டார்.

அப்பா சற்று நேரம் அந்தப் பிஸ்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வண்டியைப் பற்றி எத்தனையோ கதை சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொல்லவில்லை" என்றார்.

டூ ஸ்ட்ரோக் வண்டிகளையே பெரும்பாலும் பழுது பார்க்கும் எனக்கு அந்தச் சொற்கள் இன்றும் மனதை விட்டு அகலவில்லை. பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் நினைவுகள் இருக்கின்றன. அந்தப் புகையின் வாசனை, நின்ற நிலையில் தாளம் தப்பித் தப்பி ஒலிக்கும் சத்தம், ஆக்சிலரேட்டரைத் திருகியதும் ஒரு கணம் தயங்கிவிட்டுப் பிய்த்துக்கொண்டு போகும் வேகம். இவற்றைச் சொல்லும்போது அறுபது வயதுக்காரர் முகத்தில் இருபது வயது வந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நாட்களில் அவர்கள் கைகள் தாமாகவே செய்த சில வேலைகள் கதைக்குள் வருவதில்லை. பழகிப்போனதால் அவர்களுக்கே அவை தனியாகத் தெரிவதில்லை. வண்டி பிள்ளைக்குப் போகிறது, கதையும் போகிறது, அந்தப் பழக்கம் மட்டும் போவதில்லை.

முதலில் ஆயில். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும். பம்ப் அதைச் சுற்றிவரச் செய்யும். டூ ஸ்ட்ரோக்கில், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் இருக்கும் அறைக்குள்ளேயே பெட்ரோலும் காற்றும் முதலில் நுழைந்து, அங்கிருந்துதான் சிலிண்டருக்கு ஏறுகின்றன. ஆகவே அந்த அறையில் ஆயிலைத் தேக்கி வைக்க வழியில்லை. கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடு, பிஸ்டன் என எல்லாவற்றுக்கும் பெட்ரோலோடு கலந்து வருகிற ஆயில்தான் உயிர். 20 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில், அதாவது 20க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 50 மில்லி. 25க்கு 1 என்றால் 40. 50க்கு 1 என்றால் 20. உங்கள் வண்டிக்கு எது என்பதை அதன் கையேட்டில் பாருங்கள், நண்பர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் டாங்க் மூடியின் அடிப்பகுதியே அளவுக் கிண்ணமாக இருக்கும். அதில் ஊற்றி, மூடியை இறுக்கி, வண்டியை இடமும் வலமும் நாலு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் ஏறுவார்கள். அந்த ஆட்டலை வேடிக்கை பார்த்த பிள்ளைகளுக்கு அதன் காரணம் தெரிந்திருக்காது.

1964இல் யமஹா 'ஆட்டோலூப்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஆயிலுக்குத் தனி டாங்க், இன்ஜின் வேகத்துக்கும் ஆக்சிலரேட்டர் திறப்புக்கும் ஏற்ப அளந்து செலுத்தும் பம்ப். கலக்கும் தொல்லை போயிற்று. என்னிடம் வருகிற பழைய வண்டிகளில் எனக்கு அச்சம் தருவது இதுதான். இடையில் யாரோ ஒருவர் பம்பைக் கழற்றி எறிந்திருப்பார். பக்கவாட்டில் ஆயில் டாங்க் மட்டும் அழகாக இருக்கும். அடுத்து வாங்கியவர் அதில் ஆயிலை நிரப்பிவிட்டு நிம்மதியாக ஓட்டுவார். பம்ப் இருந்தாலும், டாங்க் ஒருமுறை காலியாகியிருந்தால் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். அதை வெளியேற்றாமல் ஓட்டக்கூடாது. வெகுநாள் நின்ற வண்டி என்றால், பம்ப் ஒழுங்காக இறைக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யும் வரை முதல் டாங்க் பெட்ரோலிலும் கொஞ்சம் ஆயிலைக் கலந்தே ஓட்டச் சொல்வேன். புகை அதிகமாக வரும். வரட்டும்.

எந்த ஆயில் என்று கேட்பார்கள். டூ ஸ்ட்ரோக்குக்கென்றே தயாரித்த ஆயில் மட்டும். ஜப்பானியத் தர வரிசையில் எஃப்சி அல்லது எஃப்டி என்று டப்பாவில் போட்டிருக்கும். கார் இன்ஜின் ஆயில் வேண்டாம். படகு இன்ஜினுக்கான ஆயிலும் வேண்டாம், அது தண்ணீரால் குளிரும் இன்ஜினை நினைத்துச் செய்தது. பந்தயத் திடலின் அந்தப் பழைய மணம் வேண்டும் என்று ஆமணக்கெண்ணெய் கலந்த ஆயிலைத் தேடுகிறவர்களும் உண்டு. மணம் உண்மைதான். ஆனால் அது உள்ளே பசைபோலப் படியும். பந்தய இன்ஜினை அடிக்கடி பிரித்துத் துடைப்பார்கள், நீங்கள் துடைக்கப்போவதில்லை.

அடுத்தது மலைப்பாதை. யாரைக் கேட்டாலும் அவர்களுடைய மிகச் சிறந்த பயணம் ஒரு மலைப்பாதையில்தான் நடந்திருக்கிறது. ஏற்றத்தைப் பற்றிச் சொல்வார்கள், இறக்கத்தைப் பற்றிச் சொல்லமாட்டார்கள். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக மூடிவிட்டால் பெட்ரோல் கிட்டத்தட்ட நின்றுவிடும், அதோடு ஆயிலும் நிற்கும். இன்ஜினோ சக்கரத்தின் வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். ஆயில் இல்லாமல் நிமிடக் கணக்கில் சுழன்றால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினோடு வந்த சாப் கார்களில், ஆக்சிலரேட்டரை விட்டதும் சக்கரம் இன்ஜினிலிருந்து விலகி உருளும் ஃபிரீவீல் வைத்திருந்தது இதற்காகத்தான். மோட்டார்சைக்கிளில் அந்த வேலையைக் கைதான் செய்ய வேண்டும். பழைய ஓட்டுநர்கள் இறக்கத்தில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஆக்சிலரேட்டரை ஒரு திருகு திருகிவிடுவார்கள். பார்க்கிறவர்கள் அதை ஆட்டம் என்று நினைத்தார்கள். அது இன்ஜினுக்கு ஊட்டிய ஆயில்.

இடது கையின் இரண்டு விரல் எப்போதும் கிளட்சின் மேல் இருந்ததும் அப்படி ஒரு பழக்கம்தான். பிஸ்டன் பிடித்துக்கொண்டால், கிளட்சைப் பிடித்ததும் பின்சக்கரம் இன்ஜினிலிருந்து விடுபட்டு உருளும். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியிலேயே வளர்ந்தவருக்கு அது வராது. முதல் சில நாட்கள் நேர்ச்சாலையிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நின்ற நிலையில் கேட்கும் அந்தத் தப்புத்தாளத்துக்குக் காரணம் இருக்கிறது. எரிந்த புகை முழுதாக வெளியேறாமல் புதிய கலவையோடு கலந்துவிடுவதால், இன்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் எரிவதில்லை, விட்டுவிட்டு எரிகிறது. அது நோயல்ல. ஆனால் ஆக்சிலரேட்டரை மூடிய பிறகும் இன்ஜின் வேகம் இறங்காமல் தொங்கிக்கொண்டிருந்தால் அது நோய். வெகுநாள் நின்ற வண்டியில் கிராங்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் சீல்கள் காய்ந்து இறுகிவிடும். அந்த வழியாகக் காற்று புகுந்தால் கலவை மெலிந்து, சூடு ஏறி, பிஸ்டன் பிடிக்கும். கியர் பெட்டிப் பக்கத்துச் சீல் போயிருந்தால் கியர் ஆயிலையே உறிஞ்சி வெள்ளையாகப் புகைக்கும். இதையெல்லாம் "அந்தக் காலத்தில் வந்த அதே புகை" என்று மகிழ்ச்சியோடு காட்டியவர்கள் உண்டு. வெளிப்பூச்சுக்குச் செலவு செய்யும் முன் இந்த இரண்டு சீல்களையும் மாற்றுங்கள் என்று மன்றாடியே கேட்கிறேன்.

சத்தம் போதவில்லை என்று சைலன்சரின் உள்குழாயை உருவி எறிகிறவர்களும் வருகிறார்கள். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் இன்ஜினின் ஓர் உறுப்பு. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார்சைக்கிள் நிறுவனத்தின் பந்தயப் பிரிவில் பொறியாளர் வால்டர் காடன் இன்ஜினின் திறனைக் கூட்டியது இந்தக் குழாயின் வடிவத்தைக் கொண்டுதான். வெளியே போகிற அழுத்த அலை திரும்பி வந்து, தப்பியோடும் புதிய கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளும்படி அமைத்தார். 1961இல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறன் தந்தது. ஆகவே வண்டி மந்தமாக இருந்தால் குழாயை வெட்டாதீர்கள். அதில் அடைந்த கரியை எடுங்கள். பல வண்டிகளுக்கு அதுவே போதும்.

பெட்ரோலும் அன்றைய பெட்ரோல் அல்ல. எத்தனால் கலந்தது காற்றின் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். ஆயில் மேலேயே நின்றுவிடும். கார்புரேட்டருக்கு முதலில் போவது அந்த அடித்தண்ணீர்தான். ஓட்டாத வண்டியின் டாங்கில் கலவையை விட்டுவைக்காதீர்கள், பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுங்கள்.

பிரேக்கைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை, சொல்லும்படியாக அது இருந்ததும் இல்லை. 1969இல் வந்த கவாசாகி எச்1 அறுபது குதிரைத்திறன் வண்டி. முன்னால் டிரம் பிரேக்தான். யமஹா ஆர்எக்ஸ் 100க்கும் இரு பக்கமும் டிரம்தான். டூ ஸ்ட்ரோக்கில் இன்ஜின் இழுத்து வேகத்தைக் குறைப்பதும் குறைவு. அன்று உங்களுக்கு முன்னால் போனவரும் டிரம்மில்தான் நின்றார். இன்று அவர் டிஸ்க்கில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸோடு நிற்கிறார். இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். டிரம்மைத் திறந்தால் தூசியை ஊதாதீர்கள், காற்றடிக்கவும் வேண்டாம். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டிப் போடுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டுமே இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர், எவ்வளவு பட்டன் மிச்சமிருந்தாலும் அதில் ஏறாதீர்கள்.

பூட்டிய கொட்டகைக்குள் இன்ஜினைக் கிளப்பி அந்த வாசனையை அனுபவிப்பதும் வேண்டாம். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் அதோடு சேர்ந்து வருகிறது.

அந்த ஜாவாவின் சிலிண்டரை அடுத்த அளவுக்குக் கடைந்து, புதிய பிஸ்டன் போட்டு, சீல்களை மாற்றிக் கொடுத்தேன். எடுத்துப்போக இருவரும் வந்தார்கள். இரண்டு லிட்டர் பெட்ரோலையும் அளவுக் குவளையையும் அப்பாவிடம் நீட்டினேன். அவர் குவளையை மகன் கையில் கொடுத்தார். மகன் 80 மில்லி அளந்து ஊற்றினார். அப்பா கேனை வாங்கி, நிறம் ஒன்றாகும் வரை குலுக்கிக் காட்டினார். மகன் ஒரு சிறு அட்டையில் '2 லிட்டர் – 80 மில்லி' என்று எழுதி இருக்கைக்கு அடியில் ஒட்டப்போனார். அப்பா அதை நிறுத்தி, பேனாவை வாங்கி, அடியில் இன்னொரு வரி சேர்த்தார்: 'இறக்கத்தில் கிளட்சைப் பிடித்து ஒரு திருகு.'