பழைய பிளாஸ்டிக்குக்கு விலை கிடைக்கச் செய்யும் விதி

பழைய பேப்பர் கடையில் தண்ணீர் பாட்டிலையும் பால் கவரையும் எடை போட்டு வாங்குவார்கள். பிஸ்கட் உறையைத் தொடவே மாட்டார்கள். பல பொருள்களை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த உறை அது. பிரித்தெடுக்க ஆகும் செலவுக்குக்கூட அதில் காசு வராது.

பாட்டில் தொழிலும் நிலையானதல்ல. பொறுக்கி, தரம் பிரித்து, மூடி, லேபிள் நீக்கி, கழுவி, உருக்கிக் குருணையாக்கும் செலவு பெரிதாகக் குறைவதில்லை. புதுப் பிளாஸ்டிக்கின் விலையோ கச்சா எண்ணெயோடு சேர்ந்து இறங்கிவிடும். 2020-ல் எண்ணெய் விலை சரிந்தபோது அப்படித்தான் ஆனது. புதியதே மலிவாகக் கிடைத்தால் பழையதை யார் கேட்பார்கள்?

இதற்காகத்தான் 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளை மத்திய அரசு 2022 பிப்ரவரியில் திருத்தியது. பேக்கிங் பிளாஸ்டிக்கைத் தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், அதில் பொருளை அடைத்து விற்கும் பிராண்டு நிறுவனம் ஆகியோர், சந்தைக்கு அனுப்பிய பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆவதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு பிரிவு. பாட்டில், டப்பா போன்ற கெட்டியான பேக்கிங்கில் 2025-26-ல் 30 சதவீதம் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இருக்க வேண்டும்; 2028-29-ல் அது 60 ஆக வேண்டும் என்று அந்தத் திருத்தம் இலக்கு வைத்தது. கவர் வகைக்கு 10-இல் தொடங்கி 20. பல அடுக்கு உறைக்கு 5-இல் தொடங்கி 10 தான். எண்ணெய் விலை எப்படிப் போனாலும் பழைய பிளாஸ்டிக்கை வாங்க ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம்.

சரி, நிறுவனமே மறுசுழற்சி செய்ய வேண்டுமா? தேவையில்லை. இவ்வளவு பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆனது என்ற சான்றிதழைப் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலையிடம் வாங்கிக் கணக்கில் காட்டலாம். ஆலைக்குக் குருணை விற்ற பணத்தோடு இதுவும் ஒரு வருமானம். இலக்கை எட்டாத நிறுவனம் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். கட்டினாலும் எட்டாமல் விட்ட இலக்கு தள்ளுபடி ஆகாது, அடுத்த 3 ஆண்டுகளுக்குத் தொடரும். முதல் ஆண்டிலேயே ஈடுசெய்தால் கட்டிய இழப்பீட்டில் 75 சதவீதம் திரும்பக் கிடைக்கும். இரண்டாம் ஆண்டில் 60, மூன்றாம் ஆண்டில் 40.

பலவீனம் சான்றிதழில்தான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தணிக்கையிலேயே 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டன. போலி மலிவாகக் கிடைக்கும்வரை, உண்மையாகக் கழுவி உருக்கும் ஆலைக்கு இந்த விதியால் வரவேண்டிய பணம் வராது.