ஹைபிரிடைசேஷன்: கலப்பினமா, இழையிணைப்பா?

போன வாரம் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தாய், குழந்தையின் பரிசோதனைக்கான ஒப்புதல் படிவத்தோடு பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு வந்தார். 'ஒளிர் கலப்பினமாக்கல் சோதனை' என்ற வரியில் விரலை வைத்தபடி கேட்டார்: "எங்க வீட்ல நிக்க பசுதான் கலப்பினம். பிள்ளைக்கு எதுக்கு அண்ணாச்சி கலப்பினம் பண்ணுதாவ?" கையெழுத்துப் போட அவருக்குக் கை வரவில்லை. எத்தனையோ படிவங்களில் இந்தச் சொல்லைப் பார்த்துப் பொறுத்துப் போயிருக்கிறேன். இனிப் பொறுப்பதற்கில்லை.

'ஹைபிரிடைசேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் படிவம் 'கலப்பினமாக்கல்' என்கிறது. அதன் வேரான 'ஹைபிரிட்' லத்தீன் வழி வந்த சொல். வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டியைக் குறித்தது. பிறகு எல்லாக் கலப்புக்கும் ஆகிவந்தது. வேர் இவ்வளவுதான்.

ஆய்வகத்தில் நடப்பது வேறு. டி.என்.ஏ. இரட்டை இழை. ஸ்லைடில் பரப்பிய செல்களைச் சுமார் 73 டிகிரிக்குச் சூடாக்கினால் இழைகள் பிரியும். ஒளிரும் சாயம் ஏற்றிய டி.என்.ஏ. துண்டு ஒன்றை விட்டு 37 டிகிரியில் இரவெல்லாம் வைப்பார்கள். இழையின் நான்கு வேதி எழுத்துகளில் அடினினுக்குத் தைமின், குவானினுக்குச் சைட்டோசின் என்று அது தன் சோடியைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்லுக்குள் வண்ணப் புள்ளிகள்.

இதில் எந்த இனம் எதோடு கலந்தது? வெவ்வேறு மூலத்து இழைகள் சேர்வதால் கலப்பினம் என்பார்கள். ஆங்கிலத்தில் பெயர் வந்த காரணம் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் காரணத்தைப் பெயர்க்காமல் சொல்லைப் பெயர்த்தால் 'இனம்' எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'கலப்பு' என்ற சொல் நம்ம ஊர்க் கல்யாணப் பேச்சில் எப்படி விழும் என்று மொழிபெயர்த்தவருக்குத் தெரியாதா? வேளாண்மைக்காரர்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். பயிருக்கு 'வீரிய ஒட்டு' என்றார்கள். கோவில்பட்டிக் கரிசல்காட்டு விவசாயி அந்தப் பெயரைச் சொல்லித்தான் விதை கேட்கிறார். அந்த 'ஒட்டு' இங்கே உதவாது, சோடி சேர்வதை அது சொல்லாது. அகராதியில் முதலில் அகப்பட்டதை எடுத்து வைத்துவிட்டு, நோயாளி வீட்டார் ஒருவரிடம்கூட வாசித்துக் காட்டாமல் அச்சுக்கு அனுப்புகிற பழக்கம்தான் என்னை வருத்துகிறது.

என் சொல் இழையிணைப்பு. முழுப்பெயர் 'தன்னிடத்து ஒளிர் இழையிணைப்பு'. 'தன்னிடத்து' என்றால் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்காமல், செல்லுக்குள் அது இருக்கிற இடத்திலேயே என்று பொருள். அதைப் பல படிவங்கள் விட்டுவிடுகின்றன. சோதனையின் உயிரே அதில்தான் இருக்கிறது. 1969-இல் ஜோசப் காலும் மேரி லூ பார்டியூவும் செய்து காட்டியது அதைத்தான். அன்று ஒளிர்சாயம் இல்லை, கதிரியக்கக் குறி. இன்று மைக்ரோ அரே சோதனை ஒரு மரபுத்துண்டு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று எண்ணிச் சொல்லும். கூடுதல் பிரதி எந்தக் குரோமோசோமில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று அது காட்டாது. செல்லுக்குள் ஒளிரும் புள்ளி காட்டும். பெற்றோரில் ஒருவரிடம் ஒரு துண்டு கூடாமல் குறையாமல் இடம் மட்டும் மாறியிருந்தாலும் புள்ளிதான் காட்டும். அடுத்த பிள்ளைக்கு வருமா என்ற கேள்விக்கு அந்த விவரம் வேண்டும்.

அந்தக் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. 22-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லை என்று அரே சொல்லியிருக்கிறது. அதை உறுதிசெய்யத்தான் இந்தச் சோதனை. தாளில் ஒரு வட்டம் போட்டு உள்ளே இரண்டு பச்சைப் புள்ளி, இரண்டு சிவப்புப் புள்ளி வைத்தேன். பச்சை, 22-ஆம் குரோமோசோம் சோடியில் இரண்டும் இருக்கின்றன என்பதற்கு அடையாளம். சிவப்பு, நாம் தேடும் துண்டு. பிறகு ஒரு சிவப்பை அடித்தேன். அவர் கொஞ்சநேரம் தாளையே பார்த்தார்.

"செவப்பும் ரெண்டு தெரியணும், அப்படித்தான அண்ணாச்சி?"

ஆமாம் என்றேன். பேனாவைக் கேட்டு வாங்கினார்.